சேஃப்டி கேட்: எல்லாம் சரி, அந்த அடிக்கம்பிதான்

குழந்தை உள்ளே வராமல் இருக்கச் சமையலறை வாசலுக்குப் போடுகிற சேஃப்டி கேட் இப்போது 1,900 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறதாம். “உங்க வீட்டுல இருக்கே, வாங்கலாமா?” என்று கூட வேலை பார்ப்பவர் கேட்டார். நான் 2023-இல் 2,800 கொடுத்து வாங்கினேன். போன வாரம்தான் தாழ்ப்பாள் உடைந்து சரி செய்துகொண்டு வந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதைக் கொஞ்சம் கழித்துவிட்டுப் படியுங்கள்.

துளை போடாமல் வாசல் நிலையின் இரண்டு பக்கத்தையும் அழுத்தி நிற்கும் வகை. வாடகை வீட்டில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் முகம் மாறும், அதனால் இதுதான். நான்கு மூலையிலும் ரப்பர் வைத்த திருகு, அவ்வளவே. பிரித்ததும் கதவுக்கும் கொக்கிக்கும் நடுவில் ஒரு பெரிய சந்து தெரியும். அதைப் பார்த்துவிட்டு ‘கோணலான பொருள்’ என்று ஒற்றை ஸ்டார் போட்டவர்கள் நிறைய. திருகை இறுக்க இறுக்கச் சந்து தானாக மூடிக்கொள்ளும், அமைப்பே அப்படித்தான். பழைய மர நிலையில் செதுக்கு வேலை இருந்தால் மட்டும் ரப்பர் சரியாக உட்காராது. ஆசாரியிடம் இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு வாங்கி இடையில் கொடுங்கள்.

வேலையைச் செய்கிறதா என்றால், செய்கிறது. மகள் தவழ்ந்த காலத்திலிருந்து நேற்று வரை நாங்கள் கடுகு தாளிக்கும்போது அவள் காலடியில் இருந்ததே இல்லை. கம்பிகள் நெட்டுக்குத்தாக இருப்பதால் கால் வைத்து ஏறவும் முடியவில்லை. படுக்கைவாட்டில் கம்பி வைத்த கேட்டும் விற்கிறார்கள், அது ஏணிதான். பெட்டியில் 24 மாதம் வரை என்று போட்டிருந்தது. இப்போது அவளுக்கு அதற்கு மேல் ஆகிவிட்டது. கொக்கியைத் தூக்கும் வித்தையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி அடிக்கம்பி. இதன் சட்டம் ‘ப’ எழுத்து மாதிரி. கதவைத் திறந்தாலும் பிடிப்பு தளராமல் இருப்பது அந்தக் கீழ்க்கோட்டால்தான், எடுக்க முடியாது. புரிகிறது. ஆனால் கதவு திறந்திருக்கும்போதும் இரண்டு விரல் உயரத்துக்கு வாசலில் குறுக்கே கிடக்கிறது. குழம்புச் சட்டியைப் பிடிதுணியோடு இரண்டு கையாலும் தூக்கி வருகிறவர் எங்கே காலைப் பார்த்து நடப்பார்? மஞ்சள் டேப் ஒட்டினேன். டேப் தெரிகிறது, தடுக்கலும் நடக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி, காலைத் தூக்கி வைக்க மாட்டார், இழுத்துத்தான் நடப்பார். ஒருமுறை தடுக்கி மேடையைப் பிடித்து நின்றவர், “ஏன் கண்ணு, இது புள்ளைக்குப் போட்ட கதவா, எனக்குப் போட்டதா?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் காரணத்துக்காகவும்தான் இந்த வகையை மாடிப்படியின் மேல்தலையில் போடக் கூடாது என்கிறார்கள். அங்கே சுவரில் திருகிப் பொருத்துவதுதான் வேண்டும், கதவும் படிப்பக்கம் திறக்கக் கூடாது.

தாழ்ப்பாள் கதை சுருக்கமாக. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாக்கு. அது உடைந்தது. கஸ்டமர் கேரில் உதிரி பாகம் கிடையாது, புது கேட் வாங்குங்கள் என்றார்கள். பட்டறைகளுக்குப் பேர்போன கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதற்கா புதுசு வாங்குவது? கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து கொடுத்தார்கள். கேட்டையே மிஞ்சி நிற்கும் போலிருக்கிறது.

இன்னொன்று, கேட் வாங்கியதும் வீடே பத்திரம் என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் சூடு சமையலறையிலேயே உட்கார்ந்திருப்பதில்லையே. ரசச் சட்டி கூடத்துத் தரைக்கு வந்துவிடும். பாத்ரூமில் வாளிக்குள் ஹீட்டர் ராடு போட்டிருக்கும். 60 டிகிரி தண்ணீர் பட்டால் சில நொடியிலேயே குழந்தையின் தோல் ஆழமாக வெந்துவிடும். ராடு போட்டால் பாத்ரூமை வெளியே தாழ் போடுவது என்று இப்போது வீட்டில் சட்டம். அதற்கு எந்தக் கேட்டும் தேவைப்படவில்லை. அப்புறம், சுட்டுவிட்டால் இங்க், பேஸ்ட், தோசை மாவு எதுவும் தடவாதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கூட வேலை பார்ப்பவருக்குச் சொன்னது இதுதான்: வாங்காதீர்கள். உங்களுக்குச் சொந்த வீடு, கூடவே வயதான மாமியார். தலை நுழையாத அளவுக்கு நெட்டுக்கம்பி வைத்து, அடிக்கம்பி இல்லாமல், ஆசாரியிடம் ஓர் அரைக்கதவு செய்து கீல் போட்டு மாட்டச் சொல்லுங்கள். நான் ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். அப்படியானால் உங்களுடையதைக் கொடுத்துவிடுங்களேன் என்றார். தம்பி வீட்டில் ஆடி மாதம் குழந்தை பிறந்திருக்கிறது, அவனும் வாடகை வீடுதான். அவனுக்குச் சொல்லி வைத்தாயிற்று.