பன்னாட்டுப் பள்ளியில் நான்கு ஆண்டுகள்: ஒரு தந்தையின் அனுபவம்

சென்னையிலுள்ள ஒரு பன்னாட்டுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த என் மகள், பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வையும், அதன்பின் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான இரண்டாண்டு ஐ.பி. டிப்ளோமாவையும் முடித்துவிட்டாள். கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்த்துத்தான் அவளை அங்கே சேர்த்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவை நன்றாகவே இருந்தன.

முதல் இரண்டு ஆண்டுகள் சிரமமின்றிக் கழிந்தன. டிப்ளோமாதான் வீட்டையே ஆட்டிவைத்தது. ஆறு பாடங்களுக்குத் தலா 7 புள்ளிகள் வீதம் 42, அறிவு எப்படி உருவாகிறது என்று ஆராயும் அறிவுக் கோட்பாட்டுக்கும், மாணவரே ஆய்வு செய்து எழுதும் நீள்கட்டுரைக்கும் சேர்த்து 3, ஆக மொத்தம் 45. அந்த மூன்று புள்ளிகளில் ஒரு பங்குக்காக, 4,000 சொற்களுக்கு மிகாமல் எழுத வேண்டிய நீள்கட்டுரைக்கு, அவள் அடையாற்று நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளந்தாள். வழிகாட்டும் ஆசிரியர் கேள்வி கேட்பாரே தவிர விடை சொல்ல மாட்டார். முழு வரைவையும் ஒரே ஒரு முறைதான் படித்துக் கருத்துரைப்பார். இவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தர மாட்டார்களா என்று நான் முணுமுணுத்ததுண்டு. ஆனால், மாதிரியை ஆய்வகத்துக்கு எடுத்து வருவதற்குள் அதிலுள்ள நுண்ணுயிர்களே ஆக்சிஜனைக் குறைத்துவிடுகின்றன என்பதையும், ஆற்றங்கரையிலேயே வேதிப்பொருள் சேர்த்து அதை நிலைநிறுத்த வேண்டும் என்பதையும் அவளாகவே கண்டுபிடித்த அன்று என் முணுமுணுப்பு நின்றது.

மாணவர் நலனில் இப்பள்ளியை முழுமனத்துடன் பாராட்டவும் முடியவில்லை, குறைகூறவும் முடியவில்லை. நாள்தோறும் காலையில் இருபது நிமிடம் பதினைந்து பிள்ளைகளுடன் அமரும் டியூட்டர்தான் அங்கே எல்லாம். டிப்ளோமாவின் முதல் ஆண்டில் மகள் மதிய உணவுக் கூடத்துக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். வீட்டில் நாங்கள் கவனிக்காததை அவர் கவனித்துத் தொலைபேசியில் அழைத்தார். ஆலோசகரைச் சந்தித்த பிறகு, உயர்நிலைக் கணிதத்தை விட்டுவிட்டுப் பொதுநிலைக்கு மாறினாள். மூன்று வாரங்களில் பழையபடி சாப்பிடத் தொடங்கினாள்.

அவ்வாண்டுக் கோடையில் அந்த டியூட்டருடைய இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்தது. அவர் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். நான்கு ஆண்டுகளில் அவளுக்கு வாய்த்த டியூட்டர்கள் மூவர். புதியவரிடம் கைமாறிய கோப்பில் 'அமைதியான, கடின உழைப்பாளி' என்று மட்டுமே இருந்ததாம். ஒரு பிள்ளை எப்போது அமைதியாகிறாள், ஏன் ஆகிறாள் என்பதைக் கோப்பு சொல்லாது. அதை அவர் அறிந்துகொள்வதற்குள் தேர்வுக் காலமே நெருங்கிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நிர்வாகம் குறித்துக்கொண்டதோடு சரி.

மே மாதத் தேர்வின் முடிவு ஜூலையில்தான் வருகிறது என்பதால், இங்கேயே கல்லூரியில் சேர நினைப்பவர்கள் சேர்க்கைத் தேதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மகனை இவ்வாண்டு அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். அவனுடைய டியூட்டர் இதே ஊர்க்காரர், அங்கே ஏழாவது ஆண்டாகப் பணிபுரிகிறார் என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே கட்டணம் கட்டினோம்.