இனயம் பாறையில் ஒரு கிளிப் லென்ஸ்

மார்த்தாண்டத்தில் ஒரு செல்போன் கடையில் 450 ரூபாய்க்கு வாங்கிய மேக்ரோ லென்ஸ் இது; செல்போன் கேமராவின் மேல் கிளிப்பால் மாட்டினால் சின்னதைப் பெரிதாகக் காட்டும். ஆறு மாதம் உப்புக் காற்றில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பூவும் எறும்பும் எடுக்க நல்லது என்றார் கடைக்காரர். நான் வாங்கியது ஓடில்லாத கடல் நத்தைகளுக்காக. (கடல் அட்டை வேறு, அதைப் பிடிப்பது குற்றம்.)

அப்பா சிப்பி எடுக்க முங்குகிறவர். மாசியில் ஒருநாள் அவருடைய வலைப்பையில், கடற்பஞ்சு (பாறையில் ஒட்டி வாழும் பஞ்சு போன்ற உயிர்) ஒட்டிய கல்லோடு ஒரு நத்தையும் வந்தது. அறிவியல் பெயர் ஃபிலிடியா வாரிகோசா. கட்டைவிரல் நீளம், கருப்பு உடம்பில் நீலம் கலந்த சாம்பல் மேடுகள், மேடுகளின் நுனியில் மஞ்சள். "கையால தொடாத மக்களே" என்றார் அப்பா.

வெறும் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லென்ஸை வைத்ததும் தலையில் இரண்டு மஞ்சள் கொம்புகள், அவற்றில் அடுக்கடுக்காக மடிப்புகள். தண்ணீரில் கரைந்த வாசனையை அவற்றால்தான் அறிகிறது. அப்புறம் கண்ணாடித் தட்டில் கடல் தண்ணீர் விட்டு, நத்தையை ஊர விட்டு, அடியிலிருந்து படமெடுத்தேன். பாதத்தின் நடுவே கருப்புக் கோடு! இதன் சாயலில் உள்ள மற்ற நத்தைகளிலிருந்து இதைப் பிரித்துச் சொல்வது அந்தக் கோடுதான். பல வண்ண நத்தைகளுக்குச் செவுள் முதுகில் பூப்போல விரிந்திருக்கும். இதற்கோ பாதத்தின் ஓரமாக, காளானின் அடிப்பக்கம் மாதிரி ஒளிந்திருக்கிறது. சுரண்டித் தின்னும் பல்வரிசையும் கிடையாது. கடற்பஞ்சைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது.

அன்றைக்கு ஒரு தப்பு செய்தேன். மீன் குஞ்சுகள் கிடந்த வாளியில் அதை விட்டேன். சாயங்காலத்துக்குள் குஞ்சுகள் எல்லாம் செத்து மிதந்தன. சீண்டினால் நஞ்சுள்ள சளியை விடும் என்று பிறகுதான் படித்தேன். 1975-ல் ஹவாயில் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தவர்கள், நத்தை தின்னும் கடற்பஞ்சிலும் அதே பொருளைக் கண்டார்கள். தின்றதையே காவலாக வைத்திருக்கிறது. மீன்களுக்கு அந்த மஞ்சள் ஓர் எச்சரிக்கை.

சரி, லென்ஸின் குறைகள். இரண்டு விரற்கடை தூரத்துக்குள் போனால்தான் தெளிவு. படத்தின் ஓரங்கள் மங்கும். மூன்றாம் மாதமே கிளிப் ஸ்பிரிங் துருப்பிடித்தது, தேங்காய் எண்ணெய் போட்டுச் சமாளிக்கிறேன். கண்ணாடியில் கீறல் இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அன்றன்றைக்கே துடைத்து வையுங்கள்.

நத்தையை மறுநாள் விடியற்காலையில், அதே கல்லோடு, அப்பா எடுத்த இடத்திலேயே இறக்கிவிட்டார்.