பழைய போலீஸ் ரிவால்வருக்குப் பூர்வீகக் கடிதம்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்கப் போலீஸ் இலாகாக்கள் கழித்துவிட்ட ரிவால்வர்கள் பழைய துப்பாக்கிச் சந்தையில் வந்துகொண்டே இருக்கின்றன. கூடவே ஒரு கதையும் வரும். இது நியூயார்க் போலீசாருடையது, இது எஃப்பிஐ ஏஜெண்டின் இடுப்பில் இருந்தது என்பார்கள். அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க முதல் வழி, செய்த கம்பெனியின் ஏட்டிலேயே தேடச் சொல்வது. ஸ்மித் அண்ட் வெசனுக்கு ஸ்மித் அண்ட் வெசன் ஹிஸ்டாரிக்கல் ஃபவுண்டேஷனும், கோல்ட்டுக்கு கோல்ட் ஆர்க்கைவ்ஸும் கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய பதிவுகளைப் பார்த்துக் கடிதம் தருகின்றன. இரண்டுமே நம்பத் தகுந்த சேவைகள். ஆனால் கடிதம் எதற்கு பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

துப்பாக்கி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட தேதி, முதலில் போய்ச் சேர்ந்த முகவரி, அன்று இருந்த பேரல் நீளம், மேல்பூச்சு, பிடியின் வகை, இவ்வளவுதான் கடிதத்தில் இருக்கும். கோல்ட் கடிதத்தில் அதே அனுப்புகையில் அதே வகைத் துப்பாக்கி எத்தனை போனது என்ற எண்ணிக்கையும் வரும். சிறிய விஷயம் போலத் தோன்றும், ஆனால் இந்தத் துறையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஒற்றைத் துப்பாக்கியாகப் போயிருந்தால் கடையில் யாரோ கேட்டு வரவழைத்தது என்று எண்ண இடமுண்டு. ஐம்பது, நூறு என்று ஒரே நாளில் ஒரே முகவரிக்குப் போயிருந்தால் அது ஓர் இலாகாவின் ஆர்டராக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்று நிறுத்திக்கொள்ளக் காரணம் உண்டு. பெரும்பாலான இலாகாக்கள் கம்பெனியிடம் நேரடியாக வாங்கவில்லை. போலீஸ் சாமான் விற்கும் மொத்த வியாபாரிகள் வழியாக வாங்கின. ஆகவே கடிதத்தில் அந்த வியாபாரியின் பெயர் இருக்கும். இலாகாவின் பெயர் இருக்காது. வியாபாரியின் ஊரும் துப்பாக்கியில் உள்ள முத்திரையின் ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கதைக்கு பலம் கூடும், அவ்வளவுதான். நியூயார்க் நகரத்தில் இன்னொரு சிக்கல். அங்கே அதிகாரிகள் தங்கள் பணத்திலேயே துப்பாக்கி வாங்கிக்கொண்டார்கள். எனவே அந்த ரிவால்வர்கள் இலாகா கழித்துவிட்ட சரக்காக மொத்தமாக வெளியே வந்தவை அல்ல, ஒவ்வொன்றாகச் சொந்தக்காரர் கையிலிருந்து வந்தவை. ரிவால்வருக்குப் பழகிய மூத்த அதிகாரிகள் 2018 வரை அதையே வைத்திருந்தார்கள்.

விண்ணப்பத்தில் அதிகம் நடக்கும் தவறு சீரியல் எண்ணில்தான். ஸ்மித் அண்ட் வெசனின் பழைய மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வரில் (1957 முதல் இதற்கு மாடல் 10 என்று பெயர்) சீரியல் எண் பிடியின் அடிப்பக்கத்தில் இருக்கும். சிலிண்டரைத் திறந்தால் யோக் (சிலிண்டரைத் தாங்கி வெளியே திரும்பும் கை) மறைத்திருந்த இடத்தில் வேறொரு எண் கண்ணில் படும். அது தொழிற்சாலைக்குள் உதிரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்கப் போட்ட பொருத்து எண். அதை எழுதி அனுப்பினால் தேடுகிறவருக்கு எந்தப் பயனும் இல்லை. "மாடல் 10-5" என்பது போன்ற குறி அங்கேயே இருந்தால் அதையும் தனியாகக் குறிப்பிடுங்கள். பிற்காலத் துப்பாக்கிகளில் சீரியல் எண்ணே இங்கேயும் வரும். அடிப்பக்க எண்ணோடு ஒப்பிட்டு ஒன்றாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கோல்ட்டில் நேர்மாறு. 1927 முதல் 1969 வரை செய்யப்பட்ட அஃபிஷியல் போலீஸ் மாடலில் கிரேனை (யோக்குக்கு கோல்ட் வைத்த பெயர்) திறந்தால் ஃபிரேமில் தெரிவதுதான் சீரியல் எண். கிரேனின் கையிலும் அதே எண் இருக்க வேண்டும். இரண்டும் வேறு என்றால் உதிரி மாற்றப்பட்டிருக்கிறது.

ஸ்மித் அண்ட் வெசனில் எண்ணுக்கு முன்வரும் ஆங்கில எழுத்தை, அதாவது முன்னெழுத்தை, விட்டுவிடுவது அடுத்த தவறு. எண்ணிலிருந்து சற்றுத் தள்ளி அடிக்கப்பட்டிருப்பதால் அது கண்ணுக்குத் தப்பிவிடும், நடுவே கயிறு மாட்டும் வளையம் இருந்தால் இன்னும் எளிதாக. 'வி' என்றால் 1942 முதல் வந்த போர்க்கால விக்டரி மாடல். போரின் கடைசிக் கட்டத்தில், கீழே விழுந்தால் சுத்தி அடித்து வெடிக்காமல் இருக்கப் புதிய சுத்தித் தடை சேர்த்த பிறகு அது 'எஸ்வி' ஆனது. போருக்குப் பிறகு 'எஸ்', அதன்பின் 'சி', 'டி' என்று போகும். முன்னெழுத்து இல்லாத எண் முற்றிலும் வேறு காலத்துத் துப்பாக்கியைக் குறிக்கும், கடிதமும் அதைப் பற்றியே வரும்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் பிடிப்பலகைகளைக் கழற்றிப் பாருங்கள். முதலில் சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். திருகின் வெட்டுக்குள் இடைவெளியே இல்லாமல் பொருந்தும் முனையுள்ள திருப்புளி வேண்டும். திருகை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி நிறுத்திவிட்டு, அதன் தலையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். எதிர்ப்பக்கப் பலகை தானாகக் கிளம்பும். விளிம்பில் திருப்புளியை நுழைத்து நெம்பினால் வால்நட் மரம் சில்லாக உடையும், உடைந்த பலகைக்கு விலை போகாது. பழைய ஸ்மித் அண்ட் வெசனில் வலதுபக்கப் பலகையின் உட்புறம் சீரியல் எண் இருக்கும். பென்சிலில் எழுதியதும் உண்டு, முத்திரையாக அடித்ததும் உண்டு. அது துப்பாக்கியின் எண்ணோடு ஒத்துப்போனால் பலகை பிறந்த நாளிலிருந்து கூடவே இருக்கிறது. அங்கே எண்ணெயோ கரைப்பானோ படவே கூடாது. பென்சில் எழுத்து ஒரு துடைப்பில் போய்விடும்.

பலகை போன பிறகு தெரியும் இரும்பில் இன்னும் விஷயம் உண்டு. சீரியல் எண்ணின் அருகே சிறு நட்சத்திரம் இருந்தால், துப்பாக்கி ஒரு முறை தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் வேலை பார்க்கப்பட்டிருக்கிறது. பிடிச் சட்டத்தின் இடது பக்கம் மாதமும் ஆண்டும் புள்ளி வைத்து அடிக்கப்பட்டிருந்தால் அது அந்த வேலையின் தேதி. கடிதத்தில் பொதுவாக வருவது முதல் அனுப்புகை மட்டுமே என்பதால், இந்த மறுவேலைக் குறிகளை நீங்களே படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கைவிளக்கை உலோகத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து எடுத்தால், நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த எண்கூட நிழல் விழுந்து எழும்பி நிற்கும்.

இலாகா முத்திரை பொய்யா மெய்யா என்று பார்க்கவும் அதே சாய்ந்த வெளிச்சம் போதும். தொழிற்சாலையில் நீலப்பூச்சுக்கு முன் அடித்த எழுத்தின் குழிக்குள்ளும் பூச்சு ஒரே நிறத்தில் இறங்கியிருக்கும், விளிம்பும் சமமாக இருக்கும். பூச்சுக்குப் பிறகு அடித்ததில் விளிம்பு சற்றே மேடிட்டு, குழியின் அடியில் வெள்ளை உலோகமோ பிற்காலத்துப் பழுப்போ தெரியும். பின்னால் அடித்தது என்பதாலேயே அது போலி ஆகிவிடாது. பல இலாகாக்கள் ஆயுதக்கிடங்கு எண்ணைத் தாங்களே மின்பேனாவால் கீறின. ஆனால் எழுத்தைச் சுற்றி நாற்பது வருடத் தேய்மானம் இருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக நின்றால் விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். உறையில் கிடந்த துப்பாக்கி பேரல் முனையிலும் சிலிண்டரின் மேட்டுப் பகுதிகளிலும்தான் முதலில் வெளுக்கும். அந்த இடத்தில் முத்திரை இருந்தால் அதுவும் சேர்ந்தே மழுங்கியிருக்க வேண்டும்.

கடிதம் கைவிரிக்கும் இடத்தில் முத்திரை பேசுவதற்கு விக்டரி மாடல் நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஆக்கிரமிப்பில் இருந்த ஜெர்மனியில் பவேரியா போலீசாருக்கு இவை கொடுக்கப்பட்டன. அவற்றுக்குக் கம்பெனிக் கடிதம் கேட்டால் அமெரிக்க அரசுக்கு அனுப்பியது என்பதோடு நின்றுவிடும். பவேரியாவுக்குப் போனதைச் சொல்வது துப்பாக்கியில் உள்ள எழுத்துதான். அதே விக்டரி மாடல் உள்நாட்டுப் போலீசுக்கும் ஆயுதத் தொழிற்சாலைக் காவலுக்கும் டிஃபென்ஸ் சப்ளைஸ் கார்ப்பரேஷன் என்ற போர்க்கால அரசு நிறுவனம் வழியாகப் போனது. இவற்றில் அரசுச் சொத்து முத்திரை பொதுவாக இருக்காது. இதற்குக் கடிதம் வாங்குவது பலன் தரும், ஏனென்றால் பல சமயம் கார்ப்பரேஷனின் பெயரோடு யாருக்காக என்பதும் ஏட்டில் இருக்கிறது.

ஸ்மித் அண்ட் வெசன் 1935இல் தொடங்கிய ரெஜிஸ்டர்ட் மேக்னம் ரிவால்வர் கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கடிதம் வாங்குங்கள். ஒவ்வொன்றும் தனி ஆர்டரில் செய்யப்பட்டது, பதிவு எண்ணும் யோக் வெட்டில் இருக்கும். கான்சாஸ் சிட்டி போலீஸ் இலாகா இவற்றை வாங்கிப் பயன்படுத்தியது, அந்தப் பெயர் கடிதத்தில் வந்தால் துப்பாக்கியின் மதிப்பே மாறிவிடும். அதே கம்பெனியின் .41 மேக்னம் மாடல் 58, கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படைக்காகச் செய்த மாடல் 68 போன்றவற்றுக்கும் இலாகா முத்திரை இருந்தால் செலவு செய்யலாம். எந்த முத்திரையும் இல்லாத 1970களின் நான்கு அங்குல மாடல் 10க்கு வேண்டாம். ஸ்மித் அண்ட் வெசன் கடிதத்துக்கு 100 டாலர் கட்ட வேண்டும் என்றால், அது அந்தத் துப்பாக்கியின் விலையிலேயே ஒரு பெரிய பங்கு. பதிலாக வரப்போவது ஒரு வியாபாரியின் பெயராகவே இருக்க வாய்ப்பு அதிகம். கோல்ட்டில் கட்டணம் மாடலைப் பொறுத்து மாறும், பணம் அனுப்பும் முன் நடப்புப் பட்டியலைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் பதில் வர வாரங்களோ மாதங்களோ ஆகும், ஏலத்துக்கு நாள் குறித்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருப்பது சரிவராது.

சீரியல் எண் பட்டியலைப் பார்த்து ஆண்டைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டோம், கடிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்மித் அண்ட் வெசன் எண் வரிசைப்படி சரக்கு அனுப்பியதில்லை. முன்னால் முடிந்த துப்பாக்கி கிடங்கிலேயே கிடந்து, பின்னால் செய்தது முதலில் போயிருக்கிறது. பட்டியல் தருவது உத்தேச ஆண்டு, கடிதம் தருவது புறப்பட்ட நாள். ஓர் இலாகா இந்த ஆண்டில்தான் வாங்கியது என்று உறுதியாகத் தெரிந்திருக்கும்போது இந்த வித்தியாசம் ஒரு கதையைக் காப்பாற்றும் அல்லது கவிழ்க்கும்.

கடிதம் நிற்கும் இடத்திலிருந்து மேலே போக இலாகாவிடமே கேட்க வேண்டும். கூட்டாட்சி அமைப்புகளுக்குத் தகவல் சுதந்திரச் சட்டம், நகர, மாநிலப் போலீசுக்கு அந்தந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டம். "இந்தத் துப்பாக்கியின் வரலாறு வேண்டும்" என்று கேட்டால் அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று பதில் வரும், அது உண்மையும்கூட. இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை வாங்கிய ரிவால்வர்களின் பட்டியல், பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கியபோது ஒப்படைத்த துப்பாக்கிகளின் பட்டியல் என்று ஆவணத்தின் வகையைச் சொல்லிக் கேளுங்கள். சீரியல் எண், கிடங்கு எண் இரண்டையும் எழுதுங்கள். ஏடுகளை வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து அழித்திருப்பார்கள், அதுதான் பல இடங்களில் நிலைமை. அப்போது நகர மன்றக் கூட்டக் குறிப்பைத் தேடுங்கள். நகரச் சொத்தைக் கைமாற்ற மன்றத்தின் ஒப்புதல் கேட்கும் ஊர்களில் மாடல், எண்ணிக்கை, வாங்கிய வியாபாரி எல்லாம் தீர்மானத்திலேயே பதிவாகியிருக்கும், சில சமயம் சீரியல் பட்டியல் இணைப்பாகவே கிடக்கும்.

துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் தடமறியும் சேவை தனிமனிதருக்கு இல்லை, குற்ற விசாரணைக்காகப் போலீஸ் அமைப்புகள் கேட்டால் மட்டுமே தேடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு அந்தத் தகவலை எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். ஆனால் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க உள்ளூர்க் காவல் நிலையத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். இலாகாவிலிருந்து காணாமல் போன துப்பாக்கியும் அந்தப் பட்டியலில் ஏறும், எத்தனை வருடம் ஆனாலும் நீக்காமல் நிற்கும். ஆகவே இந்தக் கேள்வியைப் பணம் கைமாறும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

விற்பவர் ஏற்கெனவே ஒரு கடிதத்தைச் சேர்த்துக் கொடுத்தால், பல பத்தாண்டுகள் ஸ்மித் அண்ட் வெசனின் வரலாற்றாளராக இருந்த ராய் ஜிங்க்ஸ் கையெழுத்திட்டதாகவே இருந்தாலும், அதில் எழுதிய சீரியல் எண்ணை முன்னெழுத்தோடு பிடியின் அடியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பேரல் நீளத்தையும் அளந்து பாருங்கள். கடிதம் ஐந்து அங்குலம் என்று சொல்லி, கையில் இருப்பது நான்கு அங்குலம் என்றால், பேரல் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது கடிதம் வேறு துப்பாக்கிக்கு உரியது. பழைய ஸ்மித் அண்ட் வெசனில் பேரலின் அடியில் தள்ளுகோல் (சுட்ட தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளும் கோல்) மறைக்கும் இடத்திலும் சிலிண்டரின் பின்முகத்திலும் அதே எண் இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்பது தெரிந்துவிடும்.