எலிக்கு எக்கோ எடுக்கும் மெஷினும் அந்த ஹீட்டர் பலகையும்

பெரம்பூர் ஜூனியர் ஒருவன் கேட்டான்: "அண்ணே, 40 மெகாஹெர்ட்ஸ் சவுண்டு சுண்டெலிக்கு ஒண்ணும் பண்ணாதா?" மாதவரம் பக்கம் எங்கள் லேபில் சுண்டெலி இதயத்தை அல்ட்ராசவுண்டால் படம் பிடிக்கும் இந்த எக்கோ மெஷின் வருஷக்கணக்கில் ஓடுகிறது. எலியைப் படுக்க வைத்துச் சூடு கொடுக்க அதோடு வந்த ஹீட்டர் பலகை இப்போதுதான் ரிப்பேர் ஆகித் திரும்பியிருக்கிறது, அந்தக் கடுப்பிலேயே பதில் எழுதுகிறேன்.

சவுண்டை நினைத்து ரொம்பப் பயப்பட வேண்டாம். மெக்கானிக்கல் இண்டெக்ஸ், அதாவது அலையின் அதிர்வு உடம்பைப் பாதிக்கும் வாய்ப்பைக் காட்டும் எண், அலையின் அழுத்தத்தை அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்து வருவது, அதனால் அதிர்வெண் ஏற ஏற அது இறங்கும். ஆனால் அலையைத் தோலுக்குப் பக்கத்திலேயே உடம்பு உறிஞ்சிச் சூடாகும், ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளரை ஒரே இடத்தில் வைத்துவிட்டுக் கதை பேசக் கூடாது. நுரையீரல் மேல் தேவையில்லாமல் நிறுத்தவும் கூடாது. அல்ட்ராசவுண்டால் சுண்டெலி நுரையீரலில் ரத்தம் கசிவது 1990லேயே பதிவான விஷயம். கர்ப்பமான எலி என்றால் இன்னும் சுருக்கமாக முடியுங்கள். 2006ல் யேல் குழு 30 நிமிடமும் அதற்கு மேலும் காட்டியபோது, குட்டிகளின் மூளையில் சில நரம்பணுக்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அது 6.7 மெகாஹெர்ட்ஸ், நம்ம 40 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் இல்லை, இருந்தாலும்.

நான் தினமும் பயப்படுவது குளிருக்குத்தான். வெளியே கத்திரி வெயில் கொளுத்தும், உள்ளே ஏசியில் எலி விறைக்கும். ஐசோஃப்ளுரேன் மயக்கம், கிரீம் போட்டு முடி எடுத்த நெஞ்சு, அதன் மேல் ஜில்லென்று ஜெல். 25 கிராம் உடம்பு எவ்வளவு தாங்கும்? பலகை காட்டுவது பலகையின் சூட்டை, எலியின் சூட்டை இல்லை. சர்வீசுக்கு வந்தவர் "ரீடிங் கரெக்டா இருக்கு சார்" என்கிறார், சரி, எலிக்கு அது தெரிய வேண்டாமா? உடம்பு ஆறினால் நிமிடத்துக்கு 500க்கு மேல் துடிக்கும் இதயம் 400க்குக் கீழே போய்விடும், அப்புறம் நீங்கள் எடுக்கும் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் (ஒரு துடிப்பில் இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு) குப்பைக்குத்தான். ஜெல்லைச் சூடுபடுத்தி வையுங்கள், கிரீமைச் சட்டென்று துடையுங்கள், இல்லையென்றால் தோல் வெந்துவிடும். கண்ணுக்குக் களிம்பு மறக்காதீர்கள்.

படத்தைக் குறை சொல்லவே முடியாது. பட்டாணி அளவு இதயத்தில் மைட்ரல் வால்வு திறந்து மூடுவது ஸ்க்ரீனில் தெளிவாகத் தெரியும். அதைவிட, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூட்டத்தைக் கொல்லாமல் அதே எலியை வாரக்கணக்கில் தொடர முடிகிறது, எதிக்ஸ் கமிட்டியிலும் இதைத் தெம்பாகச் சொல்லலாம்.

ஆனாலும் இந்தப் பலகையோடு வரும் மெஷினை வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். வாங்கியே தீருவீர்கள் என்றால் எலியின் ஆசனவாயில் வைத்து உடம்புச் சூட்டையே அளக்கும் ரெக்டல் ப்ரோபுக்கும் தனியாக விலை கேளுங்கள், எங்களுக்கு வந்த கொட்டேஷனில் அது இல்லை.