கிழித்த நோட்டா, கைமாறிய நோட்டா?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் போன மாதம் காரைக்குடிக்கு வந்திருந்தான். என் மனைவி போட்டுக் கொடுத்த பில்டர் காபியைத் தொடவே இல்லை. இந்த ஊரில் விருந்தாளி காபி வேண்டாமென்றால் வயிறு சரியில்லை, இல்லாவிட்டால் மனசு சரியில்லை. "என்னண்ணே, நம்ம வீட்டுக் காபி பிடிக்கலையா?" என்று அவள் கேட்டாள். அவன் நெளிந்தான். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருஷமாக, அமெரிக்காவில் பிறந்த மார்மன் சபைக்குப் போகிறான், அங்கே ஞானஸ்நானமும் எடுத்தாகிவிட்டது. காபி, தேநீர், மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு ஆகாது. சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1833-ல் பெற்றதாகச் சொல்லும் வெளிப்பாட்டில் 'சூடான பானங்கள்' என்றுதான் இருக்கிறதாம். அது காபியையும் தேநீரையும் குறிக்கிறது என்பது சபையின் விளக்கம். சுக்கு மல்லிக் காபியில் பெயரைத் தவிர காபி ஏதுமில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லி ஒரு டம்ளர் கொடுக்க வைத்தேன்.

"அப்போ காபி குடிச்சா மோட்சம் கிடைக்காதா?" என்றாள் மனைவி, விளையாட்டாகத்தான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நானும் அவனும் இரண்டு ராத்திரி முற்றத்தில் உட்கார்ந்து பேசினோம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. என்னும் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்). அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொதுவாகச் சொல்லப்படுவது இது: கிறிஸ்தவர்கள் கிருபையினால், அதாவது தேவன் இலவசமாகக் காட்டும் தயவினால், இரட்சிப்பு என்கிறார்கள், மார்மன்கள் கிரியையினால், அதாவது நாம் செய்யும் செயல்களினால், என்கிறார்கள். இந்த ஒருவரி விளக்கம் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். நான் எபேசியர் 2:8-ஐச் சொன்னேன்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." அவன் யாக்கோபு 2-ஐ எடுத்தான்: கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது. நான் சிரித்துவிட்டேன். யாக்கோபு நிருபம் எங்கள் வேதாகமத்திலும்தானே இருக்கிறது! சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரே 1522-ல் அதை வைக்கோல் நிருபம் என்று இளக்காரமாகச் சொன்னார், ஆனாலும் வேதாகமத்தை விட்டு வெளியே தள்ளவில்லை. அதேபோல எபேசியரும் அவனுடைய வேதாகமத்தில் இருக்கிறது. அவனிடம் கூடுதலாக மார்மன் புத்தகம் இருக்கிறது, அதிலும் கிருபை என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. வசனத்துக்கு வசனம் எறிந்துகொண்டிருந்தால் விடியும்வரை எறியலாம்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது, பேச்சு கடன் பக்கம் திரும்பிய பிறகுதான்.

என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டு வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பேரேடு, பற்று வரவு, புரோநோட்டு இவற்றோடுதான் நான் வளர்ந்தேன். கொலோசெயர் 2:14-ஐ அப்பா வாசித்தால் குரலே மாறும். நமக்கு எதிரிடையாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து", அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று வரும். கையெழுத்து என்றால் மூலமொழியில் கடன்காரன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த பத்திரம். "நம்ம கடை நோட்டுதாண்டா அது" என்பார் அப்பா. சீர்திருத்தச் சபைகளின் போதனையை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. கடன் தீர்ந்தது, நோட்டும் இல்லை. அதன்பிறகு நாம் செய்யும் நற்கிரியை எதுவும் தவணைப் பணமில்லை. எபேசியரில் அடுத்தடுத்த வரிகளிலேயே இரண்டும் இருக்கின்றன: ஒன்பதாம் வசனம் கிரியைகளினால் இரட்சிப்பு இல்லை என்கிறது, பத்தாம் வசனம் நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. முதலில் மன்னிப்பு, பின்னால் கிரியை.

இதைச் சொன்னதும் அவன் போனில் ஓர் உரையைத் தேடி எடுத்தான். மார்மன் சபையின் பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவராக இருந்த பாய்ட் பேக்கர், 1977 ஏப்ரலில் அவர்களுடைய பொது மாநாட்டில் சொன்ன உவமை. ஒருவன் ஆசைப்பட்டுப் பெருங்கடன் வாங்குகிறான். கெடு வந்ததும் கடன் கொடுத்தவன் நியாயம் கேட்கிறான், வாங்கியவன் இரக்கம் கேட்கிறான். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க வழியில்லை. அப்போது நண்பன் ஒருவன் வந்து முழுக்கடனையும் அடைக்கிறான். ஆனால் அடைப்பதற்கு முன்னால் கடன்காரனைப் பார்த்து ஒன்று கேட்கிறான்: இனி என்னை உன் கடன்கொடுத்தவனாக ஏற்றுக்கொள்வாயா? நிபந்தனைகளை நான் வைப்பேன், அவை சுலபமாக இருக்காது, ஆனால் முடியாதவையாகவும் இருக்காது.

கேட்டதும் எனக்கு மேடோவர், அதாவது நோட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது, ஞாபகம்தான் வந்தது. நோட்டு கிழிபடவில்லை, கைமாறியிருக்கிறது. புதிதாக வாங்கிக்கொண்டவர் அன்பானவர், வட்டிக்காக வாசலில் வந்து நிற்க மாட்டார், தவணையை நம்மால் முடிகிற அளவுக்குக் குறைப்பார், கட்டுவதற்கு வழியும் அவரே காட்டுவார். எல்லாம் சரி. ஆனாலும் நோட்டு உயிரோடு இருக்கிறது. இரு தரப்பும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மற்ற சண்டையெல்லாம் இதிலிருந்து கிளம்புவது.

உதாரணமாக, இந்த விவாதத்தில் ஓயாமல் அடிபடும் வரி ஒன்று மார்மன் புத்தகத்தில், இரண்டாம் நேபி 25:23-ல் வருகிறது. நம்மால் இயன்றதெல்லாம் செய்த பிறகு, கிருபையினாலே நாம் இரட்சிக்கப்படுகிறோம் என்பது அதன் பொருள். அந்தப் 'பிறகு' என்ற சொல்தான் தலைவலி. இயன்றதையெல்லாம் செய்தவன் உலகத்தில் எவன்? நான் எந்த நாளிலும் செய்ததில்லை. அதே புத்தகத்தின் மொரோனி 10:32-ம் எல்லா அவபக்தியையும் விட்டு, முழு பலத்தோடும் தேவனை நேசித்தால் அப்போது கிருபை போதுமானதாக இருக்கும் என்கிற தொனியில் போகிறது. அவர்களுடைய விசுவாசப் பிரமாணங்களில் மூன்றாவது, 1842-ல் ஜோசப் ஸ்மித் எழுதியது, கிறிஸ்துவின் பாவநிவாரணத்தினால் மனுஷர் எல்லாரும் இரட்சிக்கப்படலாம், சுவிசேஷத்தின் சட்டங்களுக்கும் நியமங்களுக்கும் கீழ்ப்படிவதன் மூலம், என்று முடிகிறது.

இதை வைத்து அவனை மடக்கிவிட்டதாக நினைத்தேன். அவன் அசரவில்லை. 2015 மாநாட்டில் அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான டீட்டர் உக்டார்ஃப் இதே வரியை எடுத்துப் பேசியிருக்கிறார்: 'பிறகு' என்பதை 'காரணமாக' என்று வாசிக்கக் கூடாது, நாம் செய்ததின் காரணமாக யாரும் இரட்சிக்கப்படுவதில்லை. மார்மன் புத்தகத்திலேயே ஆல்மா 24-ல் வரும் ராஜா ஒருவன், எங்களால் செய்ய முடிந்ததெல்லாம் மனந்திரும்பியதுதான் என்கிறான். 'இயன்றதெல்லாம்' என்றால் அவ்வளவுதான் என்று பொருள் கொள்கிறவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். ஆக, அந்தச் சபைக்குள்ளேயே பேச்சு கிருபை பக்கமாக நகர்ந்திருக்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் அவர்களை வெறும் கிரியைக்காரர்கள் என்று நம் பிரசங்கிகள் அடிப்பது பழைய ஐந்தொகையை வைத்து இந்த வருஷ லாப நஷ்டம் சொல்வது போல.

சரி, 'இரட்சிப்பு' என்ற சொல்லையாவது இரண்டு பேரும் ஒரே பொருளில் சொல்கிறோமா? இல்லை. இரண்டாம் ராத்திரியில்தான் அது எனக்கு உறைத்தது. எனக்கு இரட்சிப்பு என்றால் ஒரே கதவு: உள்ளே, அல்லது வெளியே. அவனுக்கு அது பல கட்டு வீடு. கிறிஸ்துவால் எல்லாரும் உயிர்த்தெழுவார்கள், நல்லவன் கெட்டவன் பேதமில்லை, அது முழுக்க இலவசம். அதன்பிறகு மூன்று மகிமைகள்: சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று ஒன்றுகொரிந்தியர் 15-ன் சொற்களில் 1832-ல் ஜோசப் ஸ்மித் விவரித்தவை. மிகக் கடைசி ராஜ்யம்கூட நம் கற்பனைக்கு எட்டாத மகிமை உள்ளது. முழு இருளுக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. இந்த இடத்தில் அவர்கள் எங்களைவிடத் தாராளம், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிருபை கிருபை என்று நெஞ்சைத் தட்டும் எங்கள் பிரசங்கங்களில் நரகத்துக்கு ஆள் சேர்ப்பது அதிகம்.

ஆனால் மேல் கட்டுக்குப் போக விதி வேறு. பிதாவோடு வாழ்ந்து, அவரைப் போலவே ஆகிற அந்த மேன்மைக்கு ஞானஸ்நானம் மட்டும் போதாது. ஆலயத்தில் (வாராவாரம் கூடும் சபைக் கூடம் வேறு) நடக்கும் சடங்குகளும், அங்கேயே நித்தியத்துக்குமாக முத்திரையிடப்படும் திருமணமும் வேண்டும். இந்த ஜென்மத்தில் அது வாய்க்காதவர்களுக்குப் பின்னால் வாய்ப்பு உண்டு என்பார்கள். ஆலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு நேர்காணல் உண்டு, அதில் தசமபாகம், ஒழுக்கம், காபி எல்லாம் வரும். என் மனைவியின் கேள்விக்கு விடை இதுதான். காபி குடித்தாலும் மோட்சம் உண்டு, மேல் கட்டுக்குத்தான் வழி அடைபடும்.

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள். திருமணமானால் கோயிலில் பதிவாகும், கோயிலிலிருந்து மாலை வரும், அந்தத் தம்பதி ஒரு 'புள்ளி' ஆவார்கள். கல்யாணமாகாதவன் எத்தனை கோடி வைத்திருந்தாலும் புள்ளிக் கணக்கில் வரமாட்டான். தம்பதியாகத்தான் எண்ணிக்கை. இதைச் சொன்னதும் என் மச்சானுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா மச்சான், நம்ம ஊர்லயே இருக்கு" என்றான். இருக்கிறதுதான், ஆனால் புள்ளி என்பது இந்த உலகத்துக் கணக்கு. இளையாத்தங்குடிக் கோயிலில் பெயர் பதியாதவனுக்கு மோட்சத்தில் கீழ் மாடி என்று எந்தச் செட்டியாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் விஷயம் இன்னும் சுவாரசியம். ஞானஸ்நானம் இல்லை, தசமபாகம் இல்லை, ஒரு நல்ல காரியம் செய்யக் கை கால் அசைக்கவும் வழியில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசுவிடமிருந்து பதில் வந்தது. எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள்? பரதீசு என்பது இறுதி மோட்சம் இல்லை, ஆவிகள் காத்திருக்கும் உலகம், அங்கே அவன் சுவிசேஷத்தைக் கற்றுக்கொள்வான், அவனுக்காக ஞானஸ்நானம் பதிலாளாகப் பூமியில் எடுக்கப்படலாம் என்கிறார்கள். இறந்தவர்களுக்காக எடுக்கும் அந்த ஞானஸ்நானத்தின் பின்னால் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். வம்சாவளி தேடி, பெயர் தெரியாத முப்பாட்டனையும் விட்டுவிடக் கூடாது என்ற தவிப்பு அது. ஆனாலும் அந்தக் கள்ளனுக்குக் கூடவா பாக்கி நிற்க வேண்டும்?

கத்தோலிக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்தில் ஓரியூரில் 1693-ல் ஜெசூட் துறவி அருளானந்தர் தலை வெட்டப்பட்ட மண்ணுக்கு வருஷா வருஷம் போகிற ஜனம் அவர்கள். கிருபை தொடங்குகிறது, மனிதன் அதோடு ஒத்துழைக்கிறான் என்பது அவர்கள் நிலை. 1547-ல் அவர்களுடைய திருச்சபையின் திரெந்து சங்கம், விசுவாசம் மட்டுமே போதும் என்பதைக் கண்டித்தது. 1999-ல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டு, கிருபையினாலேதான் என்பதில் நாங்கள் ஒன்று என்றார்கள். மார்மன்களோடு அப்படி ஓர் அறிக்கை சுலபமில்லை. 2001-ல் வத்திக்கான் அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்றே சொல்லிவிட்டது. காரணம் கிரியை இல்லை, கடவுள் யார் என்ற கேள்வி. பிதாவுக்கு மாம்ச சரீரம் உண்டு, பிதா, குமாரன், ஆவி மூவரும் தனித்தனி என்பது மார்மன் போதனை.

இந்த இடத்தில் நம்மூர் வைணவர்களின் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி வாதத்தைக் கொண்டுவர ஆசையாகத்தான் இருக்கிறது. தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலை, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி தென்கலை. திருக்கோஷ்டியூர் வேறு இங்கிருந்து கூப்பிடு தூரம். பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை இராமானுசர் ஊரைக் கூட்டிச் சும்மா கொடுத்த இடம் என்பார்கள். ஆனால் வடகலையும் தென்கலையும் ஒரே நாராயணனைப் பற்றித்தான் சண்டை போடுகின்றன. எங்கள் சண்டையில் தாய் யார் என்பதிலேயே சம்மதமில்லை. அதனால் உவமை பாதி தூரம்தான் வரும்.

என் பக்கத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அப்பா இருந்த கடையில் முதலாளி இரண்டு பேருடைய நோட்டைக் கிழித்ததை அவர் பார்த்திருக்கிறார். ஒருவர் அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழைத்தாரோடு வந்துவிடுவார். இன்னொருவர் அந்தத் தெரு பக்கமே வரவில்லை. வேறு கடையில் கடன் வாங்கிக்கொண்டார். கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் நிற்கலாமா என்று பவுல் ரோமர் 6-ல் கேட்பது இந்த இரண்டாம் ஆளைப் பார்த்துத்தான். எங்கள் சபையில் இரண்டாம் ஆட்கள் ஏராளம். மச்சானின் சபையில் குறைவாக இருக்கலாம். வாரம் தவறாமல் வருகிறான், குடியில்லை, சம்பளத்தில் பத்தில் ஒன்று எடுத்து வைக்கிறான்.

"நீ இப்ப செத்தா எங்கே போவே?" என்று கிளம்புகிற அன்று கேட்டேன். எங்கள் ஊழியக்காரர்கள் கேட்கும் தேய்ந்த கேள்விதான். கொஞ்ச நேரம் யோசித்தான். "நல்ல இடத்துக்குத்தான். எவ்வளவு மேலேன்னுதான் தெரியலை" என்றான். பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மனைவி ஒரு தூக்கில் சீயமும், பொட்டலத்தில் சுக்கு மல்லிப் பொடியும் கட்டிக் கொடுத்தாள்.