கூடலூர் பக்கம் ரத்தினக்கல் தேடலாம்னு கூப்பிட்டா போயிடாதீங்க, எங்களுக்கு 18,500 ரூபா போச்சு

நேத்து சாயங்காலம்தான் விஷயமே தெரிஞ்சுது, ராத்திரி பூரா தூக்கமில்ல, அதனால கோவமாத்தான் எழுதறேன். மொத்தம் 18,500 ரூபா.

லீவுல பசங்க எப்பப் பாரு போனும் கையுமா இருக்காங்களேன்னு வெளிய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போலாம்னு தேடினப்ப ஒரு டூர் புக்கிங் ஆப்ல வந்துச்சு, நீலகிரியில குடும்பத்தோட ஓடையில ரத்தினக்கல் தேடலாம், சல்லடை நாங்களே தருவோம், கிடைக்கிற கல்லு உங்களுக்கேன்னு. நாலு பேருக்கு 6,500. திருப்பூர்ல இருந்து இ-பாஸ் எடுத்து ஊட்டி ஏறி நடுவட்டம் வழியா இறங்கி கூடலூர் போய்ச் சேர்றதுக்குள்ள சின்னவன் ரெண்டு தடவ வாந்தி, அது தனிக்கதை.

கைடு சின்னப் பையன்தான், வாய்க்கு வாய் அக்கா, மாமா. தேவாலா பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு ஓடை. போற வழியிலயே "அக்கா, இந்த மண்ணுல 1880 வாக்குலயே வெள்ளைக்காரன் தங்கம் தோண்டினான், தங்கம் இருக்கற எடத்துல கெம்பு, அதான் மாணிக்கக்கல்லு, இல்லாமப் போயிருமா"ன்னான். பொண்ணு போன்ல பாத்துட்டு தங்கம் தோண்டினது நெசந்தாம்மான்னா. அதுக்குள்ள சின்னவன் காலுல அட்டை ஏறிருச்சு. அந்தத் தம்பி கீழ உக்காந்து, பையன் காலத் தூக்கித் தன் மடியில வெச்சு, உப்பு தடவி எடுத்துட்டு, ரத்தம் நிக்கற வரைக்கும் விரலால அழுத்திப் புடிச்சுட்டே இருந்தான். அங்கதான் நான் விழுந்தேன். கூடப் பொறந்தவன் மாதிரி தோணிருச்சு.

அவன் காட்டின எடத்துலதான் அள்ளணும், வேற எடத்துல கைய வெச்சா "அங்க வழுக்கும்க்கா"ம்பான். அப்ப புரியல. மூணாவது சல்லடையிலயே சின்னவன் கத்தறான், செவப்பா புளியங்கொட்டை சைஸ்ல ஒண்ணு. அப்புறம் ஒரு பச்சை, மறுபடி செவப்பு ரெண்டு. டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்ல, சிவாஜி தோத்தாரு போங்க. அப்புறம் குரலத் தாழ்த்தி, "மாமா, இது கெம்பு, வெளிய யார்கிட்டயும் காட்டாதீங்க, பட்டை தீட்டி லேப் சர்டிபிகேட்டோட பத்து நாள்ல வீட்டுக்கு வரும், 12,000 ஆகும், தீட்டினா லட்சத்துக்குக் கொறையாது"ன்னான். எங்க வீட்டுக்காரரு தயங்கினாரு. நாந்தான், அந்தத் தம்பி பொய் சொல்ற மூஞ்சியாங்கன்னு சொல்லி ஜிபே பண்ண வெச்சேன். 6,500ம் 12,000மும், 18,500.

பத்து நாள் ஆச்சு. "லேப்ல கூட்டம்க்கா." அடுத்த வாரம், கட்டிங் பண்றவரு வீட்ல துக்கம். அப்புறம் மழை, கரண்ட் இல்ல. அப்புறம் ப்ளூ டிக் மட்டும். ஆப்ல கேட்டா, டூர் முடிஞ்சதுன்னு நீங்களே ஓடிபி குடுத்திருக்கீங்க, நேர்ல அனுப்பின பணத்துக்கு நாங்க பொறுப்பில்ல, அஞ்சு ஸ்டார் வேற போட்டிருக்கீங்க மேடம்ங்கறாங்க. ஆமா, போட்டேன், இந்தக் கையாலதான். போலீசுக்குப் போவேன்னு மெசேஜ் போட்டதும் அஞ்சே நிமிசத்துல கூப்பிட்டான். "அக்கா, பர்மிட் இல்லாம ஓடையில கல்லு எடுத்தது யாரு, நீங்கதானே? கேஸ் ஆனா மொதல்ல மாமா பேர்தான் வரும்." அப்பவும் அக்கா, மாமா.

சின்னவன் ஒரு செவப்புக் கல்லையும் ஒரு கை சரளையையும் டவுசர் பாக்கெட்ல ஒளிச்சு வெச்சிருந்தது நல்லதாப் போச்சு. காங்கேயத்துல எங்க மாமனாருக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர், ரொம்ப வருசமா கல்லு பட்டை தீட்டறவர். லென்ஸக் கண்ணுல வெச்சவரு உடனே எடுத்துட்டாரு. "நீயே பாரு சாமி"ன்னு குடுத்தாரு, உள்ள குண்டூசித் தலை மாதிரி ரவுண்டா குமிழி. அப்புறம் சரளையில கெடந்த வெங்கச்சங்கல்ல (குவார்ட்ஸ்ம்பாங்களே, அது) எடுத்து அது மேல ஒரு இழு இழுத்தாரு, கோடு விழுந்துருச்சு. கெம்பா இருந்தா வெங்கச்சங்கல்லுதான் தேயுமாம், அதுல கீறலே விழாதாம். "கண்ணாடிம்மா, மெஷின்ல உருட்டிக் கொண்டுபோய் மண்ணுல வெதச்சிருக்கான்." அதோட விட்டாரா, சரளையில ஒட்டியிருந்த பழுப்புச் செவப்பு மணி ஒண்ண நகத்தால காட்டி, இது நெசமாவே கார்னெட்டு, நீலகிரிப் பாறையில கெடக்கறதுதான், பத்து பைசா பெறாதுன்னாரு. சின்னவன் அத தீப்பெட்டியில போட்டு வெச்சிருக்கான்.

தேவாலா தங்கக் கதையில மிச்சத்தை நேத்து ராத்திரிதான் பொண்ணு படிச்சுக் காட்டினா. லண்டன்ல கம்பெனி கம்பெனியா ஆரம்பிச்சு பணத்தைத் திரட்டிக் கொண்டாந்து கொட்டி, சீக்கிரமே எல்லாம் மூடிட்டுப் போனானுங்களாம். அந்தப் பாதிய மட்டும் முழுங்கிட்டான் பாருங்க.

எப்படி உஷாரா இருக்கறதுன்னு விளக்கமா எழுதத்தான் ஆரம்பிச்சேன், முடியல. அவன் காட்டற எடத்துல மட்டும் அள்ளச் சொன்னா கெளம்பிருங்க. தண்ணி காஞ்சப்புறமும் பளபளன்னு மின்னற கல்ல நம்பாதீங்க. கல்ல அவன்கிட்ட விட்டுட்டு வராதீங்க, ஆப்புக்கு வெளிய ஒத்த ரூபா அனுப்பாதீங்க. காட்டு ஓடையில பர்மிஷன் இல்லாம கல்லு எடுக்கறது குத்தம்தான், அதுல மட்டும் அவன் பொய் சொல்லல.

சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்பிட்டுச் சொல்லியாச்சு. 18,500 ரூபாங்க. காலையில பாக்கறேன், அவன் ஸ்டேட்டஸ்ல வேற ஒரு குடும்பம் சல்லடையோட சிரிச்சுட்டு நிக்குது, பின்னாடி அதே ஓடை.