லயத்துக் காம்பராவில் பாட்டுக் கேட்க ஓர் அறை: மூன்று வருட அனுபவம்

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பழைய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) எங்கள் வீடு. அப்பா விட்டுப்போன நாதஸ்வரக் கசெட்டுகளை ராத்திரியில் கேட்பதுதான் எனக்கு ஆறுதல். பக்கத்துக் காம்பரா (அறை வீட்டு) அக்கா விடிய நாலரைக்கே எழும்பி, சமைத்து வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறவர். ஒருநாள் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்று மெதுவாகச் சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்தத் தவுல் சத்தம் தலைமாட்டுல வந்து இடிக்குது. தூக்கமே வரல்ல." எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து எல்லாம் குப்பைக்குப் போனது.

ஏணி போட்டு மேலே பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள கற்சுவர் நல்ல தடிப்பு. ஆனால் கூரைத் தகரம் வரை போகவில்லை. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மிச்சச் சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) மேல் தடுக்காது. எங்களுக்கோ இடைவெளி அதைவிடப் பல மடங்கு. காசைச் சுவரில் கொட்டுவதற்கு முன் கூரையடியைப் பாருங்கள்.

தோட்டத்தில் கேட்டு, அக்கா வீட்டிலும் சம்மதம் வாங்கி, அந்த இடைவெளியில் மரச்சட்டம் போட்டு இருபுறமும் சீமெந்துப் பலகை அடித்தோம். நடுவில் ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் கல்பஞ்சு). தகரத்தின் நெளிவுகளை ஒவ்வொன்றாக அடைத்ததுதான் பெரிய வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அன்றிலிருந்து அவர்கள் அடுப்புப் புகையும் எங்கள் பக்கம் வருவதில்லை. கதவடியில் ரப்பர் பட்டி ஒட்டினேன்.

பேச்சும் நாதஸ்வரமும் அடங்கிவிட்டன. தவில் அடங்கவில்லை. அதன் இடி தாழ்ந்த சத்தம். 50 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) அளவு தாழ்ந்த சத்தத்தின் அலை ஒன்றே ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அதற்கு இந்தப் பலகையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஸ்பீக்கரை நடுச்சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் மாற்றி, அடியில் தடித்த ரப்பர் வைத்து, பேஸைக் (தாழ்ந்த சத்தத்தைக்) குறைத்தேன். பிறகு பாட்டைப் போட்டுவிட்டு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்து கேட்டேன். எந்த அளவுக்கு வைத்தால் அங்கே கேட்காதோ, அந்த இடத்தில் வால்யூம் திருகில் கோடு போட்டேன். ராத்திரி ஒன்பதுக்குப் பிறகு அந்தக் கோட்டை மீறியதில்லை.

மூன்று வருடத்தில் கண்ட குறை ஈரம்தான். கூரையடியில் காற்று ஓடாததால் தகரத்தின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டுகிறது. ஒரு மூலையில் ராக்வூல் நனைந்து தொங்கிவிட்டது, மாற்றினேன். இப்போது பகலெல்லாம் வெளிச்சன்னலைத் திறந்து வைக்கிறேன். அடுத்த மே மாத மழைக்கு முன் முன்பக்கமாக ஒரு காற்றுவழி விடவேண்டும். நேரே ஓட்டை போட்டால் சத்தமும் போகும். உள்ளே பஞ்சு ஒட்டி, இரண்டு முறை வளைந்து போகிற பெட்டியாகச் செய்ய மரம் வாங்கி வைத்திருக்கிறேன்.